ராஜா சொன்னது சரிதான், ஆனா கேட்ட கேள்வி வேற

மதுரையில நடந்ததா நாம காலங்காலமா சொல்லிட்டு வர்ற கேஸ் ஒண்ணு இருக்கு, அதுல தோத்தது ராஜா. சிலப்பதிகாரத்துல கண்ணகி பாண்டியன் சபையில வழக்காடுற இடம். ஸ்கூல்ல மனப்பாடப் பகுதியா படிச்சதால நமக்கு அதுல தலைவிரி கோலமும் கோபமும் கண்ணீரும் மட்டும்தான் ஞாபகம் இருக்கு, ஆனா ஒருத்தர் பேச்சு எங்க நிக்குது எங்க வழுக்குதுன்னு பார்க்கணும்னா அந்த ஒரு காட்சியே போதும்.

என் புருஷனை அநியாயமா கொன்னுட்டீங்கன்னு கண்ணகி சொல்றா. அதுக்கு ராஜா சொல்ற பதில், "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று". திருடனைக் கொல்றது கொடுங்கோன்மை இல்லம்மா, அதுதான் அரச நீதின்னு அர்த்தம். அந்தக் காலத்து சட்டப்படி பார்த்தா இதுல தப்பே இல்ல. ஆனா சபையில இருந்த கேள்வி திருடனைக் கொல்லலாமா கூடாதாங்கறது இல்லையே, கோவலன் திருடனா இல்லையாங்கறது தானே. எதை நிரூபிக்கணுமோ அதை ஏற்கனவே நிரூபிச்சாச்சுன்னு வச்சுக்கிட்டு அங்க இருந்து பேச ஆரம்பிக்கிறாரு ராஜா. இந்த வித்தை இன்னைக்கும் தினமும் நடக்குது, "இப்படிப்பட்ட துரோகிகளை என்ன பண்ணலாம்?"னு ஒருத்தர் போஸ்ட் போட்டா கீழ ஐநூறு பேர் என்ன பண்ணலாம்னு தான் சண்டை போடுவாங்களே தவிர அந்தாளு துரோகியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

இதுக்கு முன்னாடி கொலை நடந்த இடத்துல இன்னும் மோசமான ஒரு உருட்டு நடந்திருக்கும், அதை யாரும் பெருசா கண்டுக்கறதில்ல. ராணியோட சிலம்பை ஆட்டையப் போட்டது பொற்கொல்லன், மாட்டி விட்டது கோவலனை. ராஜா கூட காவலாளிங்க கிட்ட ஒரு 'இருந்தா' போட்டுத்தான் சொன்னாரு, தேவியோட சிலம்பு அவன் கையில இருந்தா கொன்னுட்டு அதை எடுத்துட்டு வாங்கன்னு. அவங்க வந்து கோவலனைப் பார்த்துட்டு, இந்தாளைப் பார்த்தா கொலைத் தண்டனை வாங்குற ஆளாவே தெரியலையேன்னு தயங்குறாங்க. உடனே பொற்கொல்லன் சிரிச்சுக்கிட்டே ஒரு பெரிய லெக்சர் எடுக்கிறான், கைதேர்ந்த திருடனுங்க மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவின்னு எட்டு வித்தை வச்சிருப்பானுங்க, ஏமாந்துறாதீங்கன்னு. இதுல இருக்கிற பொறியைப் பாருங்க. திருடன் மாதிரி தெரிஞ்சா திருடன், திருடன் மாதிரி தெரியலைன்னா பலே திருடன். அப்ப கோவலன் எப்படி இருந்திருந்தா தப்பிச்சிருப்பான்? எப்படி இருந்தாலும் தப்பிச்சிருக்க முடியாது. எந்த ஆதாரம் வந்தாலும் தன் பக்கமே திருப்பிக்கிற வாதம் பார்க்க ரொம்ப ஸ்ட்ராங்கா தெரியும், ஆனா அது எதையுமே சோதிச்சுப் பார்க்கல. "டிவியில வரலையா? அப்ப மறைக்கிறாங்கன்னு தானே அர்த்தம்"னு சொல்றதும் இதே ஜாதி தான்.

இப்ப கண்ணகி என்ன பண்றான்னு பாருங்க. என் சிலம்புக்குள்ள இருக்கிறது மாணிக்கப் பரல்னு முதல்லயே சொல்லிடுறா. ராஜா, நல்லா சொன்ன, எங்க சிலம்புல இருக்கிறது முத்துன்னு தன் பக்கத்தையும் சொல்றாரு. அப்புறம்தான் உடைக்கிறாங்க. உடைக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் என்ன வந்தா யார் ஜெயிச்சதுன்னு ஒத்துக்கிட்டாங்க, முத்து வந்திருந்தா கண்ணகி தோத்திருப்பா. தோக்கிறதுக்கு இடம் வச்சுட்டுப் பேசுறது, பொற்கொல்லன் கிட்ட இல்லாத விஷயம் அதுதான். ராஜாவையும் இதுல பாராட்டணும், மாணிக்கம் தெறிச்சதும் அவர் எட்டு வித்தையைப் பத்திப் பேசல, "யானே கள்வன்"னு ஒத்துக்கிட்டாரு.

ஒருத்தரை நம்ப வைக்கிறதுக்கு மூணு வழி இருக்குன்னு கிரேக்கத்துல அரிஸ்டாட்டில் கிமு 4ஆம் நூற்றாண்டுல எழுதி வச்சாரு. பேசுற ஆள் மேல வர்ற நம்பிக்கை ஒண்ணு, கேக்குறவங்க மனசுல கிளப்புற உணர்ச்சி ஒண்ணு, சொல்ற விஷயத்துல இருக்கிற நியாயம் ஒண்ணு. நம்ம ஆளுங்க நிறைய பேர் இதை என்னவோ உணர்ச்சின்னா ஏமாத்து, நியாயம்னா ஒரிஜினல்னு பிரிச்சு வச்சிருக்காங்க. அப்படி இல்ல. கண்ணகி மூணையும் தான் யூஸ் பண்றா. கன்னுக்குட்டிக்காக சொந்த மகனையே தேர்க்கால்ல போட்ட ராஜாவோட ஊரு எங்க ஊரு, மாசாத்துவான் வீட்டு மருமக நானுன்னு தான் யாருன்னு சொல்லி ஆரம்பிக்கிறா, ஒத்தைச் சிலம்போட வந்து நிக்கிறது உணர்ச்சி, பரல் தான் நியாயம். முதல் ரெண்டும் ராஜாவை காது கொடுத்துக் கேக்க வச்சுது, மூணாவது கேஸை முடிச்சுது. முதல் ரெண்டோட நிறுத்தியிருந்தா அது வெறும் அழுகை தான், பரலை மட்டும் சொல்லியிருந்தா வாயிற்காவலன் உள்ளயே விட்டிருக்க மாட்டான்.

பேசுற ஆள் மேல வர்ற நம்பிக்கைக்கு மதுரையிலயே இன்னொரு சாட்சி இருக்கு, மேலமாசி வீதியில. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி அங்க தங்கியிருந்தப்ப தான் முழு டிரெஸ்ஸை விட்டுட்டு முட்டி வரைக்கும் ஒரு துண்டு வேட்டியோட வெளிய வந்தாரு. கதர் கட்டுங்கன்னு சொன்னா, அவ்வளவு காசு குடுத்து கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லைன்னு ஜனங்க சொன்னாங்க, அதுக்கு அவர் குடுத்த பதில் தான் அது, துணி கம்மியா கட்டுங்க, இதோ நானே கட்டிட்டேன். இப்ப அந்த இடத்துல கதர் கடை இருக்கு, போறவங்க பார்க்கலாம். இதுல நான் கவனிக்கிறது, அந்த வேட்டி கேட்ட கேள்விக்கு நேரான பதிலா இருந்துச்சு. பேசுறவரோட வாழ்க்கை பேசுற விஷயத்தோட ஒட்டியிருக்கு. டிவி விளம்பரத்துல வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு ஹெல்த் டிரிங்க் டப்பாவை தூக்கிக் காட்டுறவரும் இதே நம்பிக்கையைத் தான் விக்கிறாரு, ஆனா அந்த கோட்டு டெய்லர் கடையில வாங்கினது. கிரிக்கெட் வீரர் பேட்டைப் பத்திச் சொன்னா கேட்டுக்கலாம், சிமெண்டைப் பத்திச் சொன்னா எதுக்குக் கேக்கணும்?

இதெல்லாம் ஒரே இடத்துல மொத்தமா பார்க்கணும்னா மதுரையைச் சுத்தி பிளாட் விக்கிற வேன்ல ஒரு தடவை ஏறிப் பாருங்க. சித்தப்பா கூப்பிட்டாருன்னு ஒரு ஞாயித்துக்கிழமை நானும் போனேன். சித்தப்பா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, வந்த பணத்துல ஒரு இடம் வாங்கிப் போடலாம்னு நினைப்பு. காளவாசல்ல ஏசி வேன் வந்து நின்னுச்சு, ஏறுனதும் தண்ணி பாட்டில், தொப்பி, திருமங்கலம் தாண்டி விருதுநகர் ரோட்டுல இருந்து உள்ள திரும்புனா ஒரு ஆர்ச், கலர் கொடி, சாமியானா, ஆர்ச்சுல இருந்து சாமியானா வரைக்கும் மட்டும் தார் ரோடு, அதுக்கு அங்கிட்டு கருவேல முள்ளு.

மைக்ல ஒரு தம்பி பேசிட்டே இருக்காரு, நிறுத்தவே இல்ல. எய்ம்ஸ் வருது, எய்ம்ஸ் வந்தா ஊர் வளரும், ஊர் வளர்ந்தா ரேட்டு மூணு மடங்கு. நடுநடுவுல "பிளாட் நம்பர் பதினாலு புக் ஆயிருச்சு, கைதட்டுங்க!"ன்னு சவுண்டு, யாரு புக் பண்ணதுன்னு எட்டிப் பார்த்தா தெரியாது. எங்க கூட வந்த ஏஜென்ட் தம்பி "சித்தப்பா, வடக்கு பார்த்தது ரெண்டே ரெண்டு தான் இருக்கு, ஒண்ணை துபாய் பார்ட்டி கேட்டுட்டு இருக்காரு"ங்கிறாரு, பத்து நிமிஷத்துல சொந்தக்காரப் பையன் மாதிரியே ஆயிட்டாரு. மத்தியானம் மட்டன் பிரியாணி, நல்லா தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

சாப்பாட்டுக்கு அப்புறம் தான் மெயின் மேட்டர். "அஞ்சாயிரம் டோக்கன் மட்டும் போடுங்க சித்தப்பா, பிடிக்கலைன்னா திருப்பித் தந்துருவோம்."

"போடலாம்ப்பா. இடத்து மேல கடன், பாக்கி ஏதும் இருக்கான்னு வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் பார்த்தீங்க?"

"உங்களை மாதிரி பெரியவங்க வாங்கினா தான் எங்களுக்கே கௌரவம்."

"சந்தோசம். வில்லங்கம்?"

"எங்க எம்டி சாரே அவரு பொண்ணு பேருக்கு இதுல மூணு பிளாட் எழுதி வச்சிருக்காரு."

"நல்லது. நான் வில்லங்கம் கேட்டேன்."

"இப்படி யோசிச்சு யோசிச்சு தான் ஒத்தக்கடையில விட்டாங்க, இன்னைக்கு அங்கிட்டு போக முடியுமா?"

சித்தப்பா என்னைப் பார்த்து மெதுவா சொன்னாரு, "டிக்கெட்டைக் காட்டுப்பான்னா ஜன்னலுக்கு வெளிய கையைக் காட்டுற கேசு இது". முப்பது வருஷ சர்வீஸ் பேசுது.

அந்தத் தம்பி சொன்ன எதுவும் பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்ல. சித்தப்பா பெரியவரு தான், எம்டி பொண்ணு பேருக்கு மூணு பிளாட் இருக்கலாம், ஒத்தக்கடையில ரேட்டு ஏறினதும் உண்மை தான். முதல் பதில் முகஸ்துதி, ரெண்டாவது பெரிய ஆளைக் காட்டுறது, மூணாவது பயம். மூணும் மூணு விதம், ஆனா மூணும் ஒரே வேலையைத் தான் பண்ணுது, கேட்ட கேள்வி இருக்கிற இடத்துல வேற ஒண்ணைக் கொண்டு வந்து உக்கார வைக்குது. பாண்டியன் சபையில நடந்ததும் இதே தான்.

பிரியாணிக்கும் டோக்கனுக்கும் இருக்கிற சம்பந்தம் தற்செயல் இல்ல. ஒருத்தர் வீட்டு சோத்தைத் தின்னுட்டு அவர் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல நமக்கு நாக்கு வராது, இதையும், ரெண்டே ரெண்டு தான் இருக்குங்கிற அவசரத்தையும், ஊரே வாங்குதுங்கிற கைதட்டலையும் அமெரிக்காவுல ராபர்ட் சியால்டினிங்கிற உளவியல் பேராசிரியர் வருஷக்கணக்கா விற்பனை பண்றவங்க கூடயே சுத்திப் பார்த்து வகை பிரிச்சு எழுதியிருக்காரு. டோக்கன் சமாச்சாரத்துக்கு இன்னும் பழைய சோதனை ஒண்ணு இருக்கு. 1966ல ஃப்ரீட்மேன், ஃப்ரேசர்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியாவுல வீடு வீடா போய், பாதுகாப்பா வண்டி ஓட்டுங்கன்னு சொல்ற ஒரு பெரிய அசிங்கமான போர்டை உங்க வீட்டு முன்னாடி வைக்கட்டுமான்னு கேட்டாங்க. நேரா போய் கேட்டப்ப 17 சதவீதத்துக்கும் கம்மியான பேர் தான் சரின்னாங்க. ஆனா ரெண்டு வாரம் முன்னாடி இதே விஷயத்துக்கு ஒரு குட்டி ஸ்டிக்கரை ஒட்டிக்க ஒத்துக்கிட்டவங்க கிட்ட போய்க் கேட்டப்ப 76 சதவீதம் பேர் சரின்னுட்டாங்க. அஞ்சாயிரம் ரூபாய் தான் அந்த ஸ்டிக்கர். போட்ட உடனே நம்ம மூளை "நான் இடம் வாங்கப் போற ஆளு"ன்னு முடிவு பண்ணிரும், அதுக்கு அப்புறம் நாமளே நமக்கு ஏஜென்ட்.

எய்ம்ஸ் கதைக்கு வருவோம், ஏன்னா அது பொய்யில்ல, அதனால தான் அது ஆபத்து. 2015 மத்திய பட்ஜெட்ல தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ்னு அறிவிச்சாங்க, 2019 ஜனவரி 27ல மதுரை பக்கத்துல தோப்பூர்ல அடிக்கல் நாட்டினாங்க, கட்டட வேலை ஆரம்பிச்சது 2024ல, நடுவுல மாணவர்களை சேர்த்து ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜ்ல வச்சுப் பாடம் நடத்தினாங்க. 2021 சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரத்துல உதயநிதி ஸ்டாலின் ஒத்தை செங்கலைத் தூக்கிக் காட்டி இதுதான் எய்ம்ஸ்னு பேசுனது ஞாபகம் இருக்கும். பேச்சுக் கலைன்னு பார்த்தா அது கெட்டிக்காரத்தனம், அடிக்கல் நாட்டி ரெண்டு வருஷம் ஆகியும் கட்டடம் எழும்பலைங்கிற உண்மையை ஒரு பொருளா கையில காட்டியாச்சு, கூட்டத்துல கடைசி வரிசையில நிக்கிறவனுக்கும் புரிஞ்சுது. ஆனா ஏன் லேட்டு, யாரால லேட்டு, ஜப்பானோட ஜைக்கா கடன்ல என்ன இழுபறிங்கிறதுக்கு செங்கல் பதில் சொல்லாது, அதுக்கு ஃபைலைத் தான் புரட்டணும். கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியுற சாட்சி எந்த அளவுக்கு நிரூபிக்குதோ அந்த அளவோட நிறுத்திக்கணும், அதை எந்தக் கட்சி தூக்கிக் காட்டினாலும் இதே அளவுகோல் தான்.

பிளாட் மைக் தம்பி பண்ற தப்பு வேற. எய்ம்ஸ் சீக்கிரம் முழுசா வரும், வந்தா வளர்ச்சி இந்தப் பக்கம் தான் வரும், வளர்ச்சி வந்தா இந்த குறிப்பிட்ட லேஅவுட்ல வீடு கட்டுவாங்க, கட்டினா நம்ம விக்க நினைக்கும்போது வாங்க ஆள் இருக்கும். நாலு 'வரும்'. ஒவ்வொண்ணுக்கும் தாராளமா 70 சதவீத சான்ஸ் குடுத்துப் பெருக்கிப் பாருங்க, 24 சதவீதம் தான் மிஞ்சும். சங்கிலியில ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா நல்லா தான் தெரியும், மொத்தமா இழுத்தா தான் தெரியும் எவ்வளவு வீக்குன்னு. இதையே தலைகீழா போட்டா பயமுறுத்துற வாதம், பொண்ணை வெளியூர் காலேஜுக்கு அனுப்பினா செல்போன் கைக்கு வரும், செல்போன் வந்தா பழக்கம், பழக்கம் வந்தா குடும்ப மானம் போச்சுன்னு எங்க பெரியம்மா ஒருத்தங்க அடுக்குவாங்க பாருங்க, அதே நாலு கண்ணி.

சரி, வில்லங்கம் கேட்டதுக்கு அப்புறம் என்ன கேக்கணும்னு யாராவது நினைச்சா, 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேல போற மனைப்பிரிவுக்கு ரேரா பதிவு வேணும், விளம்பரத்துலயே அந்த நம்பர் இருக்கணும், ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணாம மொத்த விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாது. அதோட டிடிசிபிங்கிற நகர் ஊரமைப்புத் துறையோட அப்ரூவல், மூலப்பத்திரம், பட்டா. இதெல்லாம் கேட்டா நல்ல கம்பெனிக்காரன் பேப்பரை எடுத்து நீட்டுவான், மத்தவன் இன்னொரு பிளேட் பிரியாணி கொண்டு வருவான்.

ரிசல்ட் சீசன்ல கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னுட்டு அண்ணாந்து பார்த்தா ஃபிளெக்ஸ் போர்டா தான் இருக்கும், ஒவ்வொரு கோச்சிங் சென்டர்லயும் சிரிச்ச முகமா நாப்பது பசங்க. அந்த நாப்பதும் உண்மையாவே இருக்கட்டும். சேர்ந்தது எத்தனை பேருன்னு போர்டுல இருக்காது. நாப்பது பேர் ஐம்பதுல வந்தாங்களா ரெண்டாயிரத்துல வந்தாங்களாங்கிறது தான் விஷயமே. தோத்தவனுக்கு ஃபிளெக்ஸ் வைக்க மாட்டாங்க, அதனால நம்ம கண்ணுக்குத் தெரியுறது எல்லாமே ஜெயிச்ச கதை. அதே பையன் போட்டோ ரெண்டு சென்டர் போர்டுல இருக்கிறதும் உண்டு, ஒருத்தர்கிட்ட வருஷம் பூரா படிச்சிருப்பான், இன்னொருத்தர்கிட்ட ரெண்டு மாடல் டெஸ்ட் எழுதியிருப்பான். இது ஓவரா போய் தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர்ல கோச்சிங் விளம்பரங்களுக்குன்னே தனியா விதிமுறை போட்டுச்சு, எந்த கோர்ஸ்ல படிச்சாரு, காசு கட்டுன கோர்ஸான்னு சொல்லணும், ரிசல்ட்டுக்கு அப்புறம் மாணவர்கிட்ட சம்மதம் வாங்கித்தான் போட்டோ போடணும்னு.

இந்தப் பக்கத்துல வாதம்னு எடுத்தா ஜல்லிக்கட்டை விட்டுட்டுப் போக முடியாது, அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம்னு இங்க எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும், பெரும்பாலும் சத்தமா இருக்கும். நான் எந்தப் பக்கம்னு இங்க சொல்லப் போறதில்ல. ரெண்டு பக்கமும் எப்படி பேசினாங்கன்னு மட்டும் பாருங்க.

"ரெண்டாயிரம் வருஷப் பாரம்பரியம்"னு ஒரு வாதம். ஏறு தழுவுறதைப் பத்திக் கலித்தொகையிலயே இருக்கு, அதனால பழசுங்கிறதுல சந்தேகம் இல்ல. ஆனா மாட்டுக்கு வலிக்குதாங்கிற கேள்விக்கு இது பதிலா? இல்ல. பழசா இருக்கிறது ஒண்ணும் நல்லதுங்கிறதுக்கு சர்டிபிகேட் கிடையாது, உடன்கட்டையும் பழசு தான். அதே சமயம், இது தமிழர் பண்பாட்டுல ஒரு பகுதியாங்கிற கேள்வி கேட்டா அந்த வாதம் தான் நேரடியான பதில், அங்க அதைப் பழமை மோகம்னு தள்ளிவிட முடியாது. கோர்ட்டுல நடந்ததே இதுதான். 2014 மே 7ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டப்ப மாட்டோட நலன் தான் முன்னாடி நின்னுச்சு. 2017 ஜனவரியில மெரினாவுலயும் இங்க தமுக்கம், அலங்காநல்லூர்லயும் கூட்டம் கூடி, சட்டத் திருத்தம் வந்து, கடைசியில 2023 மே 18ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லிருச்சு. பண்பாடுன்னு சட்டமன்றமே முடிவு பண்ணினதை நாங்க மாத்த மாட்டோம், புது விதிகளால மாட்டோட வேதனை பெரும்பாலும் குறைஞ்சிருக்குன்னு ரெண்டு கேள்விக்கும் தனித்தனியா பதில் சொன்னாங்க. பாரம்பரியம்னு சொன்னது முதல் கேள்விக்கு மட்டும் தான் உதவுச்சு, ரெண்டாவதுக்கு விதிமுறையைக் காட்ட வேண்டியிருந்துச்சு.

"வெளிநாட்டுக் காசு வாங்கிட்டுப் பேசுறாங்க"ன்னு எதிர்த்தவங்களைச் சொன்னாங்க. சொல்றது யாருங்கிறதை வச்சு சொன்னதைத் தள்ளுறது. இந்தப் பக்கம் எதிர்த்தவங்கள்ல சிலர் மாடு பிடிக்கிறவங்களை எல்லாம் படிக்காத காட்டுமிராண்டிங்கன்னாங்க, அதுவும் அதே தப்பு தான், இங்கிலீஷ்ல சொன்னதால கொஞ்சம் டீசன்ட்டா கேட்டுச்சு. "பிரியாணி திங்கிறவங்க மாட்டுக்கு வலிக்கும்னு பேசலாமா"ன்னு ஒரு கேள்வி, கேட்டவுடனே கைதட்டல் வாங்குற கேள்வி, கேக்குறவனோட இரட்டை வேஷத்தை வேணா அது காட்டும், மாட்டோட வலி அதனால கூடவும் செய்யாது குறையவும் செய்யாது. இத்தனை சத்தத்துக்கு நடுவுல ஒரு உருப்படியான வாதம் இருந்துச்சு, வாடிவாசல் இல்லைன்னா புலிக்குளம் மாதிரி நாட்டு மாட்டு இனத்துல காளைக் கன்னை வளர்க்க யாருக்கும் காரணம் இருக்காது, இனம் குறையும்னு. இது சரியா தப்பாங்கிறது மாட்டை எண்ணிப் பார்த்தா தெரிஞ்சிரும், கணக்கு தப்பா வந்தா சொன்னவர் வாயை மூடிக்கணும். சிலம்பை உடைக்கிற மாதிரி வாதம் அது. அதனாலயோ என்னவோ அதுக்குக் கைதட்டல் கம்மி.

காரண காரியத்துல வர்ற குளறுபடிக்கு நம்ம ஊர்ல ரெடிமேடா ஒரு பழமொழியே இருக்கு, காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. மஞ்சக்காமாலைக்கு இன்ன ஊர்ல வேர் கட்டினாங்க, மூணே வாரத்துல சரியாச்சும்பாங்க. தண்ணியால பரவுற ஹெபடைடிஸ் ஏ மாதிரி காமாலை பெரும்பாலும் சில வாரத்துல தானாவே இறங்கிரும், அந்த நேரத்துல வேர் கட்டினா வேருக்குப் பேரு, ஜெபம் பண்ணினா ஜெபத்துக்குப் பேரு. பித்தப்பைக் கல்லு அடைச்சு வந்த காமாலைக்கும் அதே வேரைக் கட்டிட்டு உக்காந்திருக்கும்போது தான் வினை.

இதை எல்லாம் வெள்ளைக்காரன் தான் கண்டுபிடிச்சான்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரு, அதாவது தானிய வியாபாரி, அவர் எழுதினதா சொல்ற மணிமேகலையில அறவண அடிகள் மணிமேகலைக்கு லாஜிக் பாடமே எடுக்கிறாரு. இந்த மலையில நெருப்பு இருக்கு, ஏன்னா புகை தெரியுது, அடுக்களை மாதிரின்னு சரியான வாதத்துக்கு உதாரணம் சொல்லிட்டு, அப்புறம் வாதம் மாதிரியே இருக்கிற போலிகளை ஒண்ணொண்ணா எடுத்துப் போடுவாரு, பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலின்னு, அதாவது சொல்ல வர்ற விஷயத்துல, காரணத்துல, உதாரணத்துல இருக்கிற போலி. பௌத்த தர்க்கத்துல இருந்து வந்த பாடம் அது. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச போலி ஒண்ணு, தூரத்துல தெரியுறது ஆவியா பனியான்னே சந்தேகமா இருக்கும்போது, அதைப் புகைன்னு வச்சுக்கிட்டு நெருப்பு இருக்குன்னு அடிச்சு சொல்றது. புகை இருந்தா நெருப்பு இருக்கும்ங்கிற விதி சரி. ஆனா முதல்ல அது புகையான்னு பார்க்கணுமே. ஃபேமிலி குரூப்ல பாதி சண்டை இந்த ஒரு போலியால தான் வருது. பத்து வருஷம் முன்னாடி வேற ஏதோ நாட்டுல எடுத்த வீடியோவைப் போட்டு "நேத்து நம்ம மாட்டுத்தாவணியில"ன்னு எழுதினா, உடனே மாமா, மச்சான், மதினி எல்லாரும் இதுக்கு யார் காரணம்னு தான் கிளம்புவாங்க, வீடியோவுல இருக்கிற பஸ்ல நம்பர் பிளேட்டு என்ன மொழியில இருக்குன்னு பெரிசு பண்ணிப் பார்க்கிறது வீட்டுக்கு ஒருத்தர் இருந்தா பெருசு.

ஆளைத் தாக்குறதைப் பத்தி ஒரு சின்ன திருத்தம். யார் சொன்னாங்கன்னு பார்க்கவே கூடாதுன்னு ஒரு கூட்டம் சொல்லுது, அது முழுசா சரி கிடையாது. ஒருத்தர் காரணம் குடுத்துப் பேசினா காரணத்தைப் பார்க்கணும், ஆளைப் பார்க்க வேண்டியதில்ல. ஆனா "நான் சொல்றேன் நம்புங்க"ன்னு தன் வார்த்தையையே சாட்சியா வச்சா, அந்த ஆளுக்கு இதுல என்ன லாபம்னு கேக்குறது அநாகரிகம் இல்ல, அவசியம். பொற்கொல்லன் விஷயத்துல காவலாளிங்க கேக்க மறந்தது அதைத்தான், கோவலன் மாட்டினா யாருக்கு நிம்மதின்னு.

கடைசியா இன்னொரு குளறுபடி, இது இந்த மாதிரி கட்டுரையெல்லாம் படிச்சவங்களுக்குன்னே வர்ற வியாதி. எதிராளி வாதத்துல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சதும் அவர் சொன்ன முடிவே பொய்யின்னு முடிவு பண்றது. கீழடியை எடுத்துக்கோங்க, மதுரையில இருந்து பன்னெண்டு கிலோமீட்டர் தான், ஜில்லா சிவகங்கை. கீழடியை நாசாவே ஒத்துக்கிச்சு, உலகத்தோட முதல் நகரம்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. அது உருட்டு, நாசாவுக்கும் கீழடிக்கும் என்ன சம்பந்தம். சாமி சிலையே கிடைக்கல அதனால அங்க இருந்தவங்களுக்குக் கடவுளே இல்லைன்னு இன்னொரு ஃபார்வர்டு, சுமார் 110 ஏக்கர் மேட்டுல கொஞ்சூண்டு இடம் தான் தோண்டியிருக்கு, கிடைக்காததை வச்சு இல்லவே இல்லைன்னு எப்படி சொல்றது? ரெண்டு ஃபார்வர்டும் குப்பை. அதைப் பார்த்துட்டு எங்க குரூப்ல ஒரு படிச்ச தம்பி, கீழடியே சும்மா கட்டுக்கதைன்னு எழுதினான். 353 செண்டிமீட்டர் ஆழத்துல எடுத்த கரியை புளோரிடாவுல ஒரு லேப்ல சோதிச்சு கிமு 580னு வந்ததை 2019ல மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டிருக்கு. அந்தத் தேதியை மறுக்கணும்னா கரி எடுத்த அடுக்கைப் பத்தியோ சோதனையைப் பத்தியோ பேசணும், பேசுறவங்களும் இருக்காங்க, அது நியாயமான சண்டை. நாசா ஃபார்வர்டு அனுப்பினது எங்க பெரியப்பா, அவர் அனுப்பாம இருந்திருந்தாலும் அந்தக் கரியோட வயசு அதே தான்.